ஆண்டகளூர் கேட்டெல்லாம் முன்னால வாங்க

நாமக்கல்,
ஞாயிறு மாலை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் ஆராய்ச்சிக் கேள்வித்தாளை அம்மா போனில் காட்டினாள். எழுத்து பொடியாக இருந்தது, அதனால் ஜெராக்ஸ் கடையில் பெரிதாக எடுத்து வைத்துக்கொண்டேன். சேலம்–நாமக்கல் தடத்துக்கு ஏற்றது விரைவுப் பேருந்துத் தடமா, புறநகர் ரயிலா என்று மேலே போட்டு, கீழே இரண்டு கட்டம் வரைந்திருக்கிறாய். நான் இரண்டிலும் டிக் அடிக்கவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு வகுப்பு வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் புரொபசர் கேட்டால், தோல் பையை மாட்டிக்கொண்டு இந்த ரோட்டிலேயே தலை நரைத்த ஒரு தனியார் பஸ் கண்டக்டர் சொன்னது என்று சொல்லிக்கொள். புள்ளிவிவரம் கேட்டால் என்னிடம் இல்லை. டிக்கெட் கணக்கு இன்வாய்ஸ் எழுதிய கை சொல்வதுதான் இது.

ஏதோ காலி நிலத்தில் இனிமேல்தான் ஒன்றைக் கட்டப் போகிற மாதிரி இருக்கிறது உன் கேள்வி. இங்கே ரயில் ஏற்கெனவே இருக்கிறது கண்ணு. சேலத்துக்கு ரயில் வந்தது 1861-இல். நாமக்கல் அதைப் பார்த்தது 2013 மே மாதம். நடுவில் நூற்றைம்பது வருஷம் இந்தப் பக்கத்து ஜனம் முதலில் மாட்டுவண்டியையும் பிறகு பஸ்ஸையும்தான் நம்பி இருந்தது. 1997 தொடக்கம் வரை நாமக்கல்லே சேலம் மாவட்டம்தான். பட்டா, கோர்ட்டு, பெரியாஸ்பத்திரி என்று எதற்கும் சேலம் போய்த்தான் ஆகவேண்டும். மாவட்டம் பிரிந்த பிறகும் கால் அந்தப் பக்கமேதான் போகிறது. கடைசியில் பாதை வந்தது. சேலம் ஜங்ஷனை விட்டால் மல்லூர், ராசிபுரம், புதுச்சத்திரம், களங்காணி, நாமக்கல், லத்துவாடி, மோகனூர், காவிரியைத் தாண்டி வாங்கல், கரூர். மொத்தம் 85 கிலோமீட்டர், ஒற்றைப் பாதை.

பாதை திறந்த சமயம் எங்கள் லைனில் இருந்த பயத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அப்போது நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளை. முதலாளிகள் டைம் கீப்பர் ஆபீஸ் வாசலில் கூடிக் கூடிப் பேசினார்கள். பஸ்ஸில் பாதிக் காசுக்கும் கீழே ரயிலில் போகலாம் என்றால் யார் நம் வண்டியில் ஏறுவார்கள் என்று டிரைவருக்கே கலக்கம். கொஞ்ச நாள் வசூல் இறங்கத்தான் செய்தது. அதிலும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ரயில் காட்டப் போன கூட்டம்தான் அதிகம். ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தம் வந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. படியில் தொங்கிக்கொண்டு போனார்கள்.

ஏன் அப்படி ஆனது என்பதைத்தான் நீ ஆராய்ச்சி பண்ண வேண்டும். எனக்குத் தெரிந்த காரணம் டைமிங். ரயிலை ஐந்து நிமிஷத்தில் விட்டால் அடுத்ததற்கு அரை நாள் உட்கார வேண்டும். என் பஸ்ஸை விட்டவன் பின்னால் வருகிற வண்டியில் ஏறி, மல்லூர் தாண்டுவதற்குள் எங்களையே முந்திப் போவான். காலை ஒன்பதரைக்கு வேலையில் நிற்க வேண்டியவனுக்கு ரயில் பத்து நிமிஷம் சீக்கிரம் போகும் என்பது ஒரு லாபமே இல்லை. அவனுக்கு வேண்டியது, எந்நேரம் வீட்டை விட்டுக் கிளம்பினாலும் ஒரு வண்டி நிற்கும் என்ற தைரியம். அந்தத் தைரியத்தைத் தண்டவாளம் மட்டும் தந்துவிடாது. இந்தப் பாதையில் மின்கம்பி இழுத்தாகிவிட்டது. 2024 ஆகஸ்ட் கடைசியிலிருந்து மதுரை–பெங்களூரு வந்தே பாரத் நாமக்கல்லில் நின்று போகிறது. பழனி எக்ஸ்பிரஸ் போகிறது, நாகர்கோவில் வண்டி போகிறது. எல்லாம் தூர தேசத்துக்காரர்களுக்கான வண்டிகள். புதுச்சத்திரத்தில் ஏறிச் சேலத்தில் நெசவுக்கோ வெள்ளிப்பட்டறைக்கோ போகிறவனை மனதில் வைத்து டைமிங் போட்ட வண்டி என்று பார்த்தால், விரல் விட்டு எண்ணவே வேலையில்லை.

இரண்டாவது காரணம், எங்கே இறக்கி விடுகிறது என்பது. ரயில் உன்னைச் சூரமங்கலத்தில் விடும். சேலம் போகிற நம் ஜனத்துக்கு வேலை எங்கே? கலெக்டர் ஆபீஸ் பக்கத்து மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரியில், செவ்வாய்பேட்டையில், லீ பஜாரில், கோட்டையில், பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி. ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ் பிடித்து, அது ஐந்து ரோட்டில் மாட்டி ஊர்ந்து வந்து சேர்வதற்குள் ரயிலில் மிச்சம் பிடித்த நேரம் அத்தனையும் போச்சு. நாங்கள் சீலநாயக்கன்பட்டியில் இறக்குவோம், கொண்டலாம்பட்டி பைபாஸில் இறக்குவோம். கூட்டம் பாதி அங்கேயே கரைந்துவிடும்; புது பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது வண்டி காற்றாடும். ரயிலுக்கோ ஜங்ஷனுக்கும் மல்லூருக்கும் நடுவில் ஒரு நிறுத்தம்கூடக் கிடையாது. கொண்டலாம்பட்டி பக்கம் எங்காவது ஒரு ஹால்ட், ஒரு பிளாட்பாரம், தலைக்கு மேலே ஒரு தகரம், அவ்வளவு போட்டிருந்தாலே கதை மாறியிருக்கும் என்று நான் வண்டியிலேயே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். யார் கேட்கிறார்கள்.

இனி உன் விரைவுப் பேருந்துத் தடம். போன லீவில் நீ காட்டிய வீடியோக்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. பிரேசில் நாட்டில் குரிட்டிபா, கொலம்பியாவில் பொகோட்டா. கண்ணாடிக் கூண்டுக்குள் டிக்கெட் வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள்; பஸ் வந்ததும் பிளாட்பாரமும் வண்டியின் தரையும் ஒரே மட்டமாக நிற்கிறது; நாலு கதவும் திறந்து அரை நிமிஷத்தில் கிளம்பிவிடுகிறது. கண்டக்டர் கிடையாது. அது எனக்கு வருத்தம்தான், இருந்தாலும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன்: பஸ் ஓடும் நேரத்தைத் தின்பது ஏறி இறங்குவதும் சில்லறையும்தான். படியேற முடியாத ஒரு பாட்டியை நான் கைகொடுத்துத் தூக்கி, அவர் மடியை அவிழ்த்து ஐம்பது ரூபாய் நோட்டு எடுத்து, நான் மீதி கொடுத்து முடிப்பதற்குள் பின்னால் வந்தவன் ஹாரனை அடித்துக்கொண்டு முந்திவிடுவான். பிளாட்பார மட்டமும் முன்கூட்டி டிக்கெட்டும் எந்த பஸ்ஸுக்கும் நல்லது. அதற்குத் தனித் தடம் தேவையே இல்லை.

தனித் தடம் என்கிற விஷயத்துக்கு வா. நாமக்கல்லிலிருந்து சீலநாயக்கன்பட்டி வரை நாலுவழிச் சாலை. பஸ்ஸை யாரும் மறிப்பதில்லை. எண்பதில் போகிற வண்டியைத் தடுக்க ஆளே இல்லாத ரோட்டில் அதற்கென்று தனிக் கோடு எதற்கு? அந்த ரோட்டில் எங்களுக்கு இருந்த தொல்லை வேறு. நாலுவழி வந்தபோது ஊர் ஊருக்குப் பாலம் கட்டிவிட்டார்கள். வண்டி பாலத்தின் மேலே போகும், ஊர் கீழே இருக்கும். இறங்கி சர்வீஸ் ரோட்டில் போனால் ரன்னிங் டைம் போகும், பின்வண்டிக்காரன் பிடித்துவிடுவான். மேலேயே போனால் இறங்க வேண்டியவர் இருட்டில் பாலத்தின் முனையில் நிற்பார். எண்ட் டு எண்ட் வண்டிகள் பெரும்பாலும் மேலேதான் போகும். "ஆண்டகளூர் கேட்டெல்லாம் முன்னால வாங்க" என்று நான் மல்லூரிலேயே கத்த ஆரம்பிப்பது அதனால்தான். ராசிபுரத்துக்குப் பிரிகிற அந்தக் கேட்டில் நிற்கிற அரை நிமிஷத்துக்குள் திருவள்ளுவர் காலேஜ் பிள்ளைகளும் ராசிபுரம் போகிறவர்களும் மொத்தமாக இறங்கியாக வேண்டும். ராசிபுரத்துக்காரர் ஊருக்குள் போக அங்கே இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். அந்த ஊர் பஸ் ஸ்டாண்டையே அணைப்பாளையத்துக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள்; ஜனம் எதிர்த்துப் போராடியது. நம் ஊரில் கேட்கவே வேண்டாம். 2024-இல் பஸ் ஸ்டாண்ட் முதலைப்பட்டிக்குப் போய்விட்டது. எல்லா ஊரிலும் வண்டிக்கு வசதியாக ஊரை விட்டு வெளியே போகிறார்கள். அந்தக் கடைசிச் சில கிலோமீட்டர் ஆட்டோ செலவை உன் கணக்கில் சேர்த்தாயா?

பஸ் நிஜமாகவே சாகிற இடம் சேலத்துக்குள்ளே. சீலநாயக்கன்பட்டியைத் தாண்டி புது பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேர்கிற அந்தச் சிறு தூரத்துக்கு ஆகும் நேரத்தில், வெளியே நாங்கள் ராசிபுரம் பிரிவைத் தொட்டுவிடுவோம். தனித் தடம் வேண்டுமென்றால் அங்கேதான் வேண்டும். ஆனால் இடம்? 2020-இல் ஐந்து ரோட்டில் ஈரடுக்குப் பாலத்தைத் திறந்தார்கள். அதன் தூண்கள் எல்லாம் ரோட்டின் நட்டநடுவில். பஸ் தடத்தையும் எல்லா ஊரிலும் நடுவில்தான் போடுகிறார்கள் என்று நீதானே சொன்னாய்? நடு இடத்தைத் தூணுக்குக் கொடுத்துவிட்டு பஸ்ஸை எங்கே விடுவது? டெல்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை ஆறு கிலோமீட்டருக்கும் குறைவாக ஒரு தடம் போட்டு, 2008-இல் திறந்து, கார்க்காரர்கள் பேசிய பேச்சில் 2016-இல் இடித்தே போட்டார்கள். போபாலில் 2024-இல் பிடுங்க ஆரம்பித்தார்கள். அகமதாபாத்தில் 2009 முதல் நிற்கிறது. வித்தியாசம் எங்கே என்று உன் புத்தகம் என்ன சொல்கிறதோ. எனக்குத் தெரிகிறது, அரைகுறையாகப் போட்டது எதுவும் நிற்கவில்லை. ரோட்டில் பாதியை வாங்கிவிட்டு பஸ்ஸை மட்டும் அடிக்கடி விடாவிட்டால், நெரிசலில் நிற்கிறவன் காலித் தடத்தைப் பார்த்து வயிறெரிவானா மாட்டானா?

ஹூப்ளி–தார்வாடு உதாரணத்தை நீ பெரிதாகப் போட்டிருக்கிறாய். அது நல்ல திட்டம்தான். 2018-இல் வெள்ளோட்டம் விட்டு 2020 பிப்ரவரியில் முறையாகத் திறந்தது, 22 கிலோமீட்டர். அங்கேயும் பக்கத்திலேயே ரயில் பாதை ஓடுகிறது, இருந்தும் பஸ் கட்டினார்கள். ஆனால் அது இரட்டை நகரம் கண்ணு. நடுவில் காலேஜ், ஆபீஸ், வீடு என்று இரண்டு ஊரும் ஒட்டிக்கொண்டுவிட்டன, அரை கிலோமீட்டருக்கு ஓர் ஆள் ஏறுவார். நமக்கோ ஐம்பது கிலோமீட்டர். மல்லூர் தாண்டினால் கரும்புக்காடு, மரவள்ளிக்காடு, கோழிப்பண்ணை. ஜனம் ஐந்தாறு இடத்தில்தான் குவிந்திருக்கிறது. குவிந்திருக்கிற ஜனத்தைக் கொஞ்சம் இடத்தில் நின்று மொத்தமாக அள்ளிக்கொண்டு போவது ரயிலுக்குப் பொருத்தமான வேலை. எட்டுப் பெட்டி மெமு மின்ரயிலில் உட்கார்ந்தும் நின்றும் சுமார் 2,000 பேர் போகலாம். என் வண்டியில் 55 சீட்டு. தைப்பூசத்துக்கு நான் ஏற்றின ஏற்றைச் சொன்னால் ஆர்.டி.ஓ.வுக்கு ஆகாது, அப்படிப் பார்த்தாலும் ஒரு மெமுவுக்கு இருபது பஸ் வேண்டும்.

ஆகவே என் ஓட்டு ரயிலுக்கு. பஸ்காரன் ரயிலுக்கு ஓட்டுப் போடுகிறானே என்று சிரிக்காதே. புதிதாக எதையும் கட்டச் சொல்லி இந்த ஓட்டைப் போடவில்லை. இருக்கிற பாதையில் காலை ஆறிலிருந்து பத்து வரைக்கும், மாலை நாலிலிருந்து ஒன்பது வரைக்கும் அரை மணிக்கு ஒரு வண்டி விடட்டும். ஒற்றைப் பாதையில் அது எளிதில்லை என்பதும் தெரியும். எதிர்வண்டி வருகிறதென்றால் ஒன்று லூப் லைனில் ஒதுங்கி நிற்க வேண்டும். எக்ஸ்பிரஸ் வந்தால் நிற்கிறது எப்போதும் பாசஞ்சர்தான். எங்கள் ஸ்டாண்டில் முதலாளி பெரியவனாக இருந்தால் சின்ன வண்டி டைமை விட்டுக்கொடுக்கிற மாதிரியே இருக்கிறது அதுவும். அதனால் கிராஸிங்குக்கு இன்னும் ஓரிரு இடம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாவது பாதை. செலவு உண்டு. தூணின் மேல் ஓடுகிற எதையும்விடக் குறைந்த செலவு.

தூண் என்றதும் ஞாபகம் வருகிறது. கோயம்புத்தூர்–திருப்பூர்–ஈரோடு–சேலம் 185 கிலோமீட்டருக்கு டெல்லி–மீரட் மாதிரி அதிவேக ரயில் விடலாமா என்று ஆராய்வதாக 2025-இல் அரசு அறிவித்தது. அது ஓடினால் சேலத்தோடு நின்றுவிடும், நாமக்கல் பக்கம் திரும்பாது. மெட்ரோ கேட்கலாமென்றால், 2017 மெட்ரோ கொள்கையில் 20 லட்சம் ஜனத்தொகை என்று ஒரு கணக்கு இருப்பதாக நீயே சொன்னாய். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சி எட்டு லட்சத்துச் சொச்சம். கையில் இருக்கிற பாதையைத்தான் நாம் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொள்ள வேண்டும்.

ரயில் ஓட்டினால் மட்டும் போதுமா என்றால் போதாது. சென்னையில் உன் கண்ணெதிரே பறக்கும் ரயில் இருக்கிறது. 1997-இல் மயிலாப்பூர் வரைக்கும் 2007-இல் வேளச்சேரி வரைக்கும் போட்டார்கள். ஸ்டேஷன் எல்லாம் கல்யாண மண்டபம் அளவு. கீழே இறங்கினால் பஸ் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931-லிருந்து ஜனத்தைச் சுமக்கிறதென்றால், அது ரோட்டோடு ஒட்டிப் போவதாலும் அடிக்கடி வருவதாலும்தான். சேலம் ஜங்ஷன் வாசலில் ரயில் வந்து நிற்கும் நேரத்துக்கு டவுன் பஸ் நிற்க வேண்டும். அதே டிக்கெட்டில் ஏற வேண்டும். அந்த டவுன் பஸ் ஐந்து ரோட்டைத் தாண்டிப் பழைய பஸ் ஸ்டாண்ட் போகிற வழியில் மட்டும் கோடு போட்டு, ஆட்டோவையும் தள்ளுவண்டியையும் அந்தக் கோட்டுக்கு வெளியே வைக்க நாலு போலீஸ் நிறுத்தினால், அதுதான் இந்தத் தடத்துக்கு வேண்டிய விரைவுப் பேருந்து. ஆறேழு கிலோமீட்டர், அவ்வளவே.

பெண்களைப் பற்றி நீ கேள்வியே வைக்கவில்லை, அதை அவசியம் சேர். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அவர்களுக்குக் காசு இல்லை. டவுன் பஸ் எட்டுகிற தூரம் வரைக்கும் வேலைக்குப் போகிற பெண்கள் தனியார் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நாங்கள் காலியாக நின்று "சேலம் சேலம்" என்று கத்துவோம். அவர்கள் நிழலில் அரசு டவுன் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். எனக்குக் கோபம் வந்ததில்லை. மாதம் நல்லதொரு தொகை கையில் நிற்கிறதென்றால் யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் புறநகர் பஸ்ஸில் அந்தச் சலுகை கிடையாது, ராசிபுரத்துப் பெண்ணுக்கு அது எட்டாது. சாதாரண ரயில் கட்டணத்தை 2024-இல் பழையபடி குறைந்தது பத்து ரூபாய்க்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கொரோனாவுக்குப் பிறகு முப்பது வாங்கிக்கொண்டிருந்தார்கள். மாத சீசன் எடுத்தால் இன்னும் மலிவு. ரயிலால் நன்மை யாருக்கென்று கேட்டால் முதலில் இவர்களைத்தான் நான் காட்டுவேன்.

எங்கள் ஆட்களை என்ன செய்வது என்று கேட்பாய். 2018 ஜனவரியில் கிலோமீட்டருக்கு 42 பைசாவாக இருந்த சாதாரண பஸ் கட்டணத்தை 58 ஆக்கினார்கள். அதன் பிறகு டீசல் விலை எங்கேயோ போய்விட்டது, கட்டணம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. எண்ட் டு எண்ட் ஆட்களை ரயில் அள்ளிக்கொண்டு போனால் பல பர்மிட்டுக்கு மத்தியான ட்ரிப் டீசலுக்கே கட்டாது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் சேலம்–நாமக்கல் ரோட்டில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகிற அத்தனை வண்டியும் அங்கேயே ஓட வேண்டுமென்று என்ன இருக்கிறது? மல்லூர் ஸ்டேஷனிலிருந்து ஆட்டையாம்பட்டி, ராசிபுரம் ஸ்டேஷனிலிருந்து நாமகிரிப்பேட்டையும் வெண்ணந்தூரும், இங்கிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலை அடிவாரம். ரயில் டைமுக்கு இந்தக் கிளைகளில் ஓட பர்மிட்டை மாற்றிக் கொடுத்தால் டிரைவர் உயிருக்கும் உத்தரவாதம். 2025-இல் மினி பஸ்ஸுக்குப் புதுத் திட்டம் போட்டார்களே, அதே கையோடு இதையும் செய்யலாம். முதலாளிகள் டைமிங் கான்பரன்சில் மேஜையைத் தட்டுவார்கள். தட்டட்டும். அவர்கள் தட்டாத மாற்றம் எதையும் நான் பார்த்ததில்லை.

உன் கேள்வித்தாளில் இரண்டு கட்டத்தையும் எடுத்துவிட்டு இதைக் கேள்: வீட்டு வாசலிலிருந்து வேலை வாசலுக்கு எத்தனை வண்டி மாறுகிறீர்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், கடைசி வண்டி எத்தனை மணிக்கு. சேலத்தில் கேட்காதே, ஆண்டகளூர் கேட்டிலும் புதுச்சத்திரத்திலும் போய்க் கேள். காலை ஏழரைக்குப் போனால் ஆள் கிடைக்கும், பத்து மணிக்குப் போனால் டீக்கடைக்காரர்தான் இருப்பார். நான் கூட வருகிறேன். பழைய ஆட்கள் என்னைப் பார்த்தால் நின்று பதில் சொல்வார்கள்.

அம்மா ஆட்டையாம்பட்டிக் கைமுறுக்கு வாங்கி வைத்திருக்கிறாள். பார்சல் அனுப்பட்டுமா, நீயே வருகிறாயா என்று கேட்கச் சொன்னாள். வருவதானால் பழனி எக்ஸ்பிரஸில் நாமக்கல் வரைக்கும் டிக்கெட் போடு, சேலத்தில் இறங்காதே. விடியுமுன் வந்துவிடும், ஸ்டேஷனுக்கு வண்டி எடுத்துக்கொண்டு நான் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா